மலையகத்தில் வீட்டோர மரத்தை அகற்றுவது: மண் பார்ப்பதிலிருந்து அடிக்கட்டை வரை முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலையகத்தில் மரம் வெட்டும் பேச்சு பெரும்பாலும் காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில்தான் எழும். கூரைக்கு மேலே சவுக்கு மரம் ஆடிய ஆட்டத்தைக் கேட்டு இரவெல்லாம் விழித்திருந்தவருக்கு, விடிந்ததும் அதை வெட்டிச் சாய்த்தால்தான் நிம்மதி என்று தோன்றுவது நியாயமே. ஆனால் சரிவில் நிற்கும் மரத்துக்கு இரண்டு முகம். அதன் கிளை கூரைக்கு ஆபத்து. அதன் வேர் அந்தக் கூரையைத் தாங்கும் மண்ணுக்குப் பிடிமானம். ஒன்றை மட்டும் பார்த்து எடுத்த முடிவு, இரண்டு மழைக்காலம் கழித்து வேறு வடிவத்தில் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்.

அதனால் இந்த வழிகாட்டி வாளிலிருந்து தொடங்கவில்லை, மண்ணிலிருந்து தொடங்குகிறது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்தில் ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டியிருப்பவர்களுக்கும், பண்டாரவளை, அப்புத்தளையில் சொந்தக் காணி வைத்திருப்பவர்களுக்கும், இன்னும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். படிகளின் வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

முதல் படி: மரத்துக்கு முன் மண்ணைப் பாருங்கள்

நம் பகுதியில் வீடு கட்டுவது என்றால் முதலில் மலையை வெட்டித் தளம் எடுப்போம். வீட்டின் பின்சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் நடுவே இரண்டு, மூன்று அடி இடைவெளி இருக்கும். மேட்டின் மேல் விளிம்பில் மரம் நிற்கும். பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. குசினிக்குப் பின்னால் போய் அந்த மேட்டை அண்ணாந்து பாருங்கள். மேலிருந்து இரண்டு, மூன்று அடி ஆழம் வரை வேர் நுனிகள் அறுபட்டுத் தொங்கினால், தளம் எடுத்த அன்றே அந்த மரத்தின் வீட்டுப் பக்க வேர்கள் போய்விட்டன என்று பொருள். மேல்பக்க வேர்களை மட்டும் நம்பி அது நிற்கிறது. தொங்கும் வேர்களில் ஒன்றை ஒடித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி விரலால் நசுக்கினால் பொடியாகிறது என்றால், அந்த மரம் உங்கள் பட்டியலில் முதலிடத்துக்கு வர வேண்டும்.

அடுத்து, மேலே ஏறி மரத்தின் அடியைச் சுற்றி வாருங்கள். மரம் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிர்ப்பக்கத்தில், அரை நிலா வடிவில் மண் வெடித்திருக்கிறதா? காற்றடிக்கும்போது அந்த இடத்தில் மண் ஏறி இறங்குகிறதா? அப்படியென்றால் வேர்த்தட்டு, அதாவது வேர்களும் அவை பிடித்திருக்கும் மண்ணும், ஏற்கனவே நகரத் தொடங்கிவிட்டது. மழை பெய்துகொண்டிருக்கும் வேளையில் அந்த வெடிப்பைப் பார்த்தால் முதலில் மரத்தின் கீழுள்ள அறையை விட்டு வெளியே வாருங்கள். மரம் வெட்டுகிறவரைத் தேடுவது அதற்குப் பிறகு.

சாய்வு எல்லாமே ஆபத்து ஆகிவிடாது. அடி சாய்ந்திருந்தாலும் மேலே போகப் போகத் தண்டு வளைந்து நிமிர்ந்திருந்தால், மரம் பல ஆண்டுகளாக அந்தச் சாய்வோடு வாழ்ந்து தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. அடியிலிருந்து நுனி வரை ஒரே நேர்கோடாகச் சாய்ந்திருந்து, அடியில் மண்ணும் கிளம்பியிருந்தால் அது அண்மையில் ஏற்பட்ட சாய்வு. அதற்குத்தான் அவசரம்.

ஒரு மரம் அல்ல, வரிசையாகப் பல மரங்கள் ஒரே பக்கம் சாய்கின்றன. மின்கம்பமும் வேலியும் கூடச் சாய்கின்றன. இதுவரை சரியாக மூடிய கதவு இறுகுகிறது. பீலித் தண்ணீர், அதாவது மலை ஊற்றுத் தண்ணீர், திடீரென்று கலங்கி வருகிறது அல்லது புதிதாக ஓரிடத்தில் ஊற்று கிளம்புகிறது என்றால், அது மரத்தின் பிரச்சினையே இல்லை. மலை நகர்கிறது. அங்கே மரத்தை வெட்டுவதால் எந்தப் பயனும் கிடையாது. கிராம சேவகருக்கும், மாவட்டத்தில் உள்ள தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவன அலுவலகத்துக்கும் உடனே தெரிவியுங்கள். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்த மலையகத்தவர் யாரும் இல்லை. அந்த நிறுவனம் வெளியிடும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகளில் எது உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கு நடைமுறையில் இருந்தாலும் மரவேலையைத் தள்ளிப்போடுங்கள். சிவப்பு என்றால் வெளியேற வேண்டிய நேரம்.

இரண்டாம் படி: இப்போது மரத்தைப் பாருங்கள்

உயரத்தை அளந்துகொள்ளுங்கள். உங்கள் கை நீளத்துக்குச் சமமான குச்சி ஒன்றை எடுத்து, கையை நீட்டிச் செங்குத்தாகப் பிடியுங்கள். குச்சியின் மேல்நுனி மரத்தின் நுனியோடும், கீழ்நுனி மரத்தின் அடியோடும் பொருந்தும் வரை பின்னால் நடங்கள். அப்போது உங்களுக்கும் மரத்துக்கும் உள்ள தூரம்தான் ஏறத்தாழ மரத்தின் உயரம். சரிவில் மேலே ஏறியோ கீழே இறங்கியோ நின்றால் கணக்குப் பிழைத்துவிடும். மரம் நிற்கும் மட்டத்திலேயே, மலையைச் சுற்றிச் செல்லும் திசையில் பக்கவாட்டாக நடந்து நின்று பாருங்கள்.

இந்த அளவு ஏன் முக்கியம் என்றால், ஒரு பேர்ச் 272 சதுர அடி. ஏழு பேர்ச் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 44 அடிகூட வராது. மூலைக்கு மூலை 62 அடிதான். அறுபது, எழுபது அடி உயரமான யூக்கலிப்டஸ் மரம் அந்தக் காணிக்குள் எந்தப் பக்கம் விழுந்தாலும் வேலியைத் தாண்டும், இல்லாவிட்டால் வீட்டைத் தொடும். ஆகவே அப்படிப்பட்ட காணியில் அடியோடு சாய்க்கும் பேச்சுக்கே இடமில்லை. மேலிருந்து துண்டு துண்டாக வெட்டிக் கயிற்றில் இறக்க வேண்டும். "ஒரு வெட்டில் போட்டுவிடலாம் அக்கா" என்று சொல்கிறவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இனத்துக்கு இனம் குணம் மாறும். தேயிலைக்கு நிழலுக்காக நட்ட சவுக்கு, அதாவது கிரெவிலியா, நேராக வளரும். ஆனால் அதன் கிளை எளிதில் முறியும். முன்பு தலை வெட்டிய சவுக்கில் அந்த வெட்டுக்குக் கீழே கிளைத்த புதுக் கிளைகள் மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும். பருத்த பிறகு காற்றில் பிய்ந்து வரும். யூக்கலிப்டஸ் கனமானது. இரண்டு அடி விட்டமும் பத்து அடி நீளமும் உள்ள ஒரு பச்சைத் துண்டு முக்கால் தொன்னுக்குக் குறையாது. அல்பீசியா உலகில் மிக வேகமாக வளரும் மரங்களில் ஒன்று; வேகமாக வளர்ந்ததற்கேற்ப மரமும் மென்மையாகவே இருக்கும். காற்றே இல்லாத பகலில்கூடப் பெருங்கிளை உதிர்ப்பது அதன் வழக்கம். வீட்டுக்கு மேலே படர்ந்த அல்பீசியாவை மட்டும் நான் தயங்காமல் அகற்றச் சொல்வேன். பைன் அடியோடு சாய்ந்தால் சாயும்; வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்காது.

நோயின் அடையாளங்களையும் பாருங்கள். அடிமரத்தில் அலமாரித் தட்டுப் போல் காளான் முளைத்திருந்தால் உள்ளே உளுத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சுத்தியலின் பிடியால் தண்டைச் சுற்றித் தட்டுங்கள். கனத்த ஒலிக்கு நடுவே ஓரிடத்தில் பறைபோல் முழங்கினால் அங்கே பொந்து. இரண்டாகப் பிரியும் கவையில் பட்டை உள்நோக்கி மடிந்து கறுப்புக் கோடு தெரிந்தால், அந்தக் கவை என்றாவது ஒருநாள் பிளக்கும். நுனி காய்ந்து இலையற்று நின்றால் வேரில் குறை இருக்கிறதா என்று தேடுங்கள்.

மூன்றாம் படி: குளவிக் கூடு

இதைத் தனிப்படியாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாத மழைக்காலமோ வெயில்காலமோ மலையகத்தில் இல்லை. உயிர் போன வீடுகளும் உண்டு. நாம் குளவி என்று பொதுவாகச் சொல்வதில் பெரிய மலைத்தேனீயும் அடக்கம். உயர்ந்த யூக்கலிப்டஸ் கிளையின் அடிப்பக்கத்தில் கறுப்புப் பலகை போல் தொங்கும் கூடு அதனுடையது. செயின்சோவின், அதாவது இயந்திர வாளின், இரைச்சலும் அதிர்வும் அதைக் கிளப்பிவிடப் போதும். மரத்தில் ஏறி, கயிற்றில் கட்டுண்டு நிற்கிறவருக்கு ஓட வழி கிடையாது.

வெட்டும் நாளுக்கு முன்பே, வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரத்தில், மரத்தை நான்கு பக்கமிருந்தும் பாருங்கள். பக்கத்து மரங்களையும் விடாதீர்கள். கூடு இருந்தால் வேலையை நிறுத்துங்கள். பகலில் புகை போடுவது, கல் எறிவது, தீப்பந்தம் பிடிப்பது எதுவும் வேண்டாம். தேன் எடுத்துப் பழகியவர்கள் இரவில் அதைக் கையாள்வார்கள். பெருந்தேனீக்கள் தாமாகவே இடம் மாறிப் போவதும் உண்டு, காத்திருக்க முடிந்தால் அதுவே நல்லது. மீறிக் கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி, வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். நிறையக் கொட்டியவரையும், மூச்சுத் திணறுகிறவரையும், உதடும் முகமும் வீங்குகிறவரையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

நான்காம் படி: மரம் யாருடையது, அனுமதி யாரிடம்

உங்கள் வீட்டுக்கு மேலே நிற்பதால் மரம் உங்களுடையது ஆகிவிடாது. லயத்தைச் சுற்றியுள்ள மரங்களும், தேயிலை மலைக்குள் நிற்கும் நிழல் மரங்களும் தோட்டத்தின் பொறுப்பில் உள்ளவை. தோட்டத்துரையின் அலுவலகத்துக்கு எழுத்தில் கடிதம் கொடுங்கள். வாயால் கங்காணியிடம் சொன்னது வாயோடு போய்விடும். கடிதத்தில் மரத்தின் இடம், வீட்டுக்கு உள்ள தூரம், நீங்கள் கண்ட அடையாளங்கள் எல்லாவற்றையும் எழுதி, படமும் இணைத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு பிரதி கிராம சேவகருக்கும், மற்றொன்று பிரதேச செயலகத்துக்கும் போகட்டும். பதில் வராவிட்டால் தொழிற்சங்கத் தலைவரையும் சேர்த்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். இத்தனையும் எதற்கு என்றால், பிறகு ஏதாவது நடந்தால் "எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது.

வீதியோரத்து மரத்துக்குப் பெரிய வீதியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, உள்ளூர்ப் பாதையென்றால் பிரதேச சபை அல்லது நகர சபை. பதுளை ரயில் பாதையை ஒட்டிய மரத்துக்கு ரயில்வே திணைக்களம். ஓடைக்கரை ஒதுக்கீட்டில் நிற்பதைத் தொடவே வேண்டாம்.

சொந்தக் காணியிலேயே நின்றாலும் சில மரங்களை நினைத்தவுடன் வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்ட அனுமதிப்பத்திரம் வேண்டும். மலையகத்தில் பனையின் பேச்சு எழாது. பலாவின் பேச்சு அடிக்கடி எழும். கிராம சேவகரிடம் விண்ணப்பம் கொடுத்துப் பிரதேச செயலகத்தில் பெறுவது நடைமுறை. பஞ்ச காலத்தில் சோற்றுக்குப் பதிலாக நின்ற மரம் என்பதால்தான் பலாவுக்கு இந்தக் காவல். காய்க்கும் பலாவை வெட்டுவதற்குமுன் இரண்டு தரம் யோசியுங்கள். கூரைப் பக்கக் கிளையை மட்டும் எடுத்தால் போதுமா என்று முதலில் பாருங்கள்.

வெட்டுவது ஒன்று, ஏற்றுவது வேறொன்று. பலகைக்கு ஆகும் பல இன மரங்களை லொறியில் கொண்டுசெல்லப் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் தேவை. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரிமரப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. உங்கள் மர இனத்துக்கு அது வேண்டுமா என்று பிரதேச செயலகத்திலோ வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அலுவலகத்திலோ, மரம் நிற்கும்போதே கேட்டுவிடுங்கள். "லொறியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாங்குகிறவர் சொன்னாலும் பத்திரத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். வழியில் பொலிஸ் மறித்தால், மரம் எந்தக் காணியிலிருந்து வந்தது என்ற கேள்வி உங்கள் வீட்டுக்கும் வரும்.

பக்கத்து வீட்டுக்காரரின் மரம் உங்கள் கூரைக்கு மேலே சாய்ந்தால் முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். தேநீர் குடித்துக்கொண்டே முடிகிற காரியம் இது. வேலியோரம் நின்று சத்தமிட்டால் முடியாது. பேச்சில் முடியாதபோது மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இந்தச் சபைகளில் வக்கீல் செலவில்லாமல் அயலவர் தகராறுகளைத் தீர்த்துக்கொள்ளலாம். உயிராபத்து உடனடியாக இருந்தால் பொலிஸிலும் பிரதேச செயலகத்திலும் முறையிடுங்கள்.

ஐந்தாம் படி: வெட்டாமல் தீருமா

அகற்றியே ஆக வேண்டிய மரங்கள் நான் பார்த்தவரை பாதிக்கும் குறைவே. கூரைக்கு மேலே நீளும் ஒரு கிளைதான் அச்சம் என்றால் அதை மட்டும் எடுக்கலாம். ஒரே முறையில் இலைப்பரப்பில் கால்பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கிளையை அதன் அடியிலுள்ள தடித்த வளையத்தை ஒட்டி வெட்ட வேண்டும். தண்டோடு மழித்தால் காயம் ஆறாது, நீளமான குச்சியை விட்டால் அழுகும். முதலில் கீழ்ப்பக்கம் சிறிது வெட்டி, பிறகு மேலிருந்து வெட்டினால் பட்டை உரிந்து கிழியாது.

யூக்கலிப்டஸின் தலையை மொட்டையாக வெட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். ஓராண்டில் பத்துக் கிளை துளிர்க்கும், பத்தும் பிடிப்பில்லாதவை. அடுத்த தலைவலிக்கு நீங்களே விதை போட்டதாகும்.

இன்னொன்று, வரிசையாக நிற்கும் மரங்களில் காற்று வரும் பக்கத்து மரத்தை எடுத்துவிட்டால், இதுவரை அதன் மறைவில் வளர்ந்த அடுத்த மரம் முதன்முறையாக முழுக் காற்றையும் வாங்கும். அதன் வேர் அதற்குப் பழகியிருக்காது. ஒரு மரம் வெட்டியவரின் வீட்டில் அடுத்த பருவத்தில் இரண்டாவது மரம் விழுவது இதனால்தான். வரிசை முழுவதையும் மனத்தில் வைத்து, எதை விடுவது, எதை எடுப்பது, எந்த ஒழுங்கில் எடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.

ஆறாம் படி: காலம் பார்த்தல்

ஹட்டன், திம்புள்ள, மஸ்கெலியாப் பக்கத்தை மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நனைக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு மழை அதிகம் தருவது ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான காலம். ஒரே மாதத்தில் மலையின் இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் காயும். தேயிலை தெரிந்தவர்களுக்கு ஒரு எளிய குறிப்பு: உங்கள் பகுதித் தேயிலைக்கு மணம் ஏறும் மாதங்கள்தான் மரம் வெட்டவும் ஏற்ற மாதங்கள். திம்புள்ளப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை, பதுளை, பண்டாரவளை அடங்கிய ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. ஊவாவில் அந்த மாதங்களில் வறண்ட காற்று பலமாக வீசும் என்பதால் விடியற்காலையில் தொடங்கி, காற்று எழுவதற்குமுன் உயரத்து வேலையை முடித்துவிட வேண்டும்.

மழை நின்ற மறுநாளே ஏற்றிவிடாதீர்கள். பட்டை வழுக்கும், மண் இளகியிருக்கும், இறக்கிய துண்டு சரிவில் உருண்டால் நிற்காது.

ஏழாம் படி: ஆளைத் தேர்ந்தெடுத்தல்

விலையை முதலில் கேட்காதீர்கள். எப்படி வெட்டப் போகிறீர்கள் என்று கேளுங்கள். நல்லவர் மரத்தைச் சுற்றி வருவார், மேலே பார்ப்பார், மின்கம்பி எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்பார், எந்தக் கிளையை எந்தக் கிளையில் கட்டி இறக்குவது என்று விரலால் காட்டுவார். நின்ற இடத்திலேயே விலை சொல்கிறவர் மரத்தைப் பலகையாகவே பார்க்கிறார்.

அவரிடம் இருக்க வேண்டியவை: இடுப்புப் பட்டை, தலைக்கவசம், உரசித் தேயாத நைலோன் கயிறுகள், கப்பி. தென்னங்கயிற்றில் முக்கால் தொன் யூக்கலிப்டஸை இறக்க முயல்கிறவரை அனுப்பிவிடுங்கள். செயின்சோவைப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பத்திரத்தையும் கேளுங்கள். குறைந்தது மூவர் வர வேண்டும்: ஏறுகிறவர், கயிறு பிடிக்கிறவர், ஆட்கள் வராமல் கீழே காவல் நிற்கிறவர்.

கூலிக்குப் பதிலாக மரத்தையே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்வது நம் பக்கத்தில் வழக்கம். அதில் தவறில்லை, ஆனால் அடிமரத்தை ஏற்றிக்கொண்டு, கிளையும் மிலாறும் (சுள்ளியும்) இலையும் உங்கள் கானை (வடிகாலை) அடைக்கும்படி விட்டுப் போய்விடுவார்கள். மழை வந்ததும் கான் நிரம்பித் தண்ணீர் வீட்டு அத்திவாரத்துக்குத் திரும்பும். ஆகவே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்த மரம், எங்கே வரை வெட்டுவது, விறகு யாருக்கு, பலகை யாருக்கு, மிச்சத்தை யார் அகற்றுவது, கூரைத் தகடோ குழாயோ உடைந்தால் யார் கட்டித் தருவது, வேலையாளுக்குக் காயம் பட்டால் செலவு யார் பொறுப்பு என்பவை அதில் இருக்க வேண்டும். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். கான் துப்புரவான பிறகு கடைசிப் பங்கைக் கொடுங்கள்.

எட்டாம் படி: வெட்டும் நாள்

மின்கம்பி மரத்துக்குப் பக்கத்தில் இருந்தால், 1987 என்ற மின்சார முறைப்பாட்டு இலக்கத்திலோ பிரதேச மின்சார அலுவலகத்திலோ முன்கூட்டியே சொல்லி, மின்சாரத்தைத் துண்டிக்கும் நாளை உறுதி செய்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள். பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும். கிளை கம்பியைத் தொட்ட நொடியில் ஏறியவரின் உயிர் போகும். வீட்டுக்குள் சுவிட்சை அணைப்பதால் வெளிக்கம்பியில் மின்சாரம் நிற்காது.

மலை ஊற்றிலிருந்து வரும் குழாய்கள் நிலத்தின் மேலேயே ஓடுவதால், மரம் இறங்கும் பாதையில் உள்ளதைக் கழற்றி வையுங்கள். ஒரு குழாயில் கீழே பத்து வீட்டுத் தண்ணீர் போகலாம். அவர்களுக்கு முதல்நாளே சொல்லுங்கள். வீட்டில் முதியவர்கள், குழந்தைகள், ஆடு மாடு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். அடியோடு சாய்க்கும் மரமென்றால், அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேலையாட்களைத் தவிர யாரும் நிற்கக் கூடாது. சரிவுக்குக் கீழ்ப்பக்கம் இந்த அளவும் போதாது, துண்டு உருளும். கீழே பாதை இருந்தால் இரு முனையிலும் ஆள் நிறுத்துங்கள்.

வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். விழ வேண்டிய பக்கத்தில் விட்டத்தின் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஆப்பு வடிவில் ஒரு வாய் எடுப்பார்கள். பிறகு எதிர்ப்பக்கத்தில், அந்த வாயின் அடிமட்டத்தைவிடச் சற்று மேலே, பின்வெட்டு வெட்டுவார்கள். இரண்டு வெட்டும் சந்திக்காமல் நடுவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு மரம் விடப்பட வேண்டும். கதவுக்குக் கீல் போல் அதுதான் மரத்தை ஒரே திசையில் கொண்டுபோகும். அதை முழுவதுமாக அறுத்துவிட்டால் மரம் தன் விருப்பத்துக்கு விழும். மிகவும் சாய்ந்த மரத்தில் பின்வெட்டு பாதியில் இருக்கும்போதே தண்டு நீளவாக்கில் பிளந்து, பின்னால் நிற்பவரின் முகத்துக்கு உதைத்து எழும்பும். அனுபவசாலிகளும் இதில் உயிரிழக்கிறார்கள். சாய்ந்த மரத்தை மேலிருந்து குறைத்துக்கொண்டு வருவதே வழி. அறுக்கிறவர் எப்போதும் சரிவின் மேல்பக்கத்தில் நிற்க வேண்டும். நீங்களே அறுக்கலாம் என்ற எண்ணம் வந்தால், ஒரு கையால் வளைக்க முடிந்த மரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: அடிக்கட்டை

பணத்தைக் கொடுத்து ஆட்களை அனுப்பியதும் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறோம். சரிவில் இருப்பவருக்கு நீண்ட வேலை இங்கேதான் தொடங்குகிறது. வெட்டிய மரத்தின் வேர் அன்றைக்கே மண்ணை விடுவதில்லை. முதலில் மெல்லிய வேர்கள் அழுகும், பிறகு தடித்தவை. சில ஆண்டுகள் கழித்துப் பழைய வேர் உளுத்து, புதிய வேர் இன்னும் பரவாத ஒரு இடைக்காலம் வரும். அப்போது அடைமழை பெய்தால் சரிவுக்குப் பிடிமானம் இருக்காது. மண்மேடு சரிந்ததும், "மரம் போய் எத்தனையோ வருடமாயிற்றே" என்று இரண்டையும் நாம் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை.

ஆகவே சரிவில் உள்ள கட்டையைத் தோண்டி எடுக்காதீர்கள். தரையோடு தாழ வெட்டி விட்டுவிடுங்கள். தோண்டிய குழி மழைத் தண்ணீரை நேரே மலைக்குள் இறக்கும். தீ வைத்து எரிக்கவும் வேண்டாம். வேர் வழியே நாட்கணக்கில் கனன்று, ஊவாவின் வறட்சிக் காலத்தில் பக்கத்து மானாப்புல்லில் பற்றிக்கொள்ளும். யூக்கலிப்டஸ் கட்டை துளிர்க்கும். உயிர் இருக்கும்வரை அதன் வேரும் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால், பக்கத்தில் நட்டவை வேரூன்றும் வரை தளிரைத் தாழவே கிள்ளி வைத்திருங்கள். பின்னர் துளிர்க்கத் துளிர்க்க ஒடித்தால் கட்டை ஓய்ந்துவிடும்.

தோட்டங்களில் நிழல் மரத்தை எடுப்பதற்குமுன் பட்டையைச் சுற்றி உரித்து, நின்றபடியே காயவிடும் முறை ஒன்று உண்டு. வேரிலுள்ள மாச்சத்து தீர்ந்து, தேயிலைக்கு வேர் நோய் பரவாமல் இருப்பதற்காகச் செய்வது அது. சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதுபற்றித் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் ஆலோசனையைக் கேட்கலாம். ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் இந்த முறை வேண்டவே வேண்டாம். காய்ந்து நிற்கும் மரம் கிளை உதிர்க்கும். பிறகு அதில் ஏற நல்ல ஆள் எவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பத்தாம் படி: அந்த இடத்தில் என்ன நடுவது

முடிந்தால் மரத்தை வெட்டுவதற்கு ஒரு மழைக்காலம் முன்பே நட்டுவிடுங்கள். மேட்டின் விளிம்பில் வெட்டிவேரைச் சரிவுக்குக் குறுக்காக, நெருக்கமான வரிசையாக வையுங்கள். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் ஆழ இறங்கும். மேலே பாரமும் ஏறாது. விளிம்பிலிருந்து தள்ளி, கொய்யா, தோடை போன்ற உயரம் குறைந்த பழமரங்கள் பொருந்தும். வெண்ணெய்ப்பழ மரம் நம் மண்ணில் நன்றாக வரும் என்றாலும் பெரிதாகப் படரும், அதை வீட்டுக்கு ஒட்டி வைக்காதீர்கள். பொதுவாக ஒரு மரம் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது கூரையிலிருந்து தள்ளி நடுங்கள். மேட்டுக்கு மேலே ஒரு கான் வெட்டி, மலைத்தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, ஒவ்வொரு மழைக்கும் முன்னால் அதிலுள்ள இலைகளை வாரிவிடுங்கள்.

மரம் ஏற்கனவே விழுந்துவிட்டால்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைப் புரட்டிப்போட்ட நாட்களில், எங்கு பார்த்தாலும் விழுந்த மரமும் அறுந்த கம்பியுமாகவே இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் மரத்தைத் தொடுவதற்கு முன், அதன் கீழே எங்காவது கம்பி மறைந்திருக்கிறதா என்று தூரத்தில் நின்று பாருங்கள். இருந்தால் 1987க்குச் சொல்லிவிட்டு விலகியே நில்லுங்கள். ஆள் சிக்கியிருந்தாலோ பாதை அடைபட்டாலோ அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள். கூரைமேல் சாய்ந்து நிற்கும் மரத்தை வீட்டுக்காரர்கள் கத்தியால் வெட்ட முயலக் கூடாது. வளைந்து அழுத்தத்தில் இருக்கும் கிளை, வெட்டியதும் விசையோடு நிமிர்ந்து அடிக்கும். வேரோடு பெயர்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும் வேர்த்தட்டு மண்ணோடு பின்னால் திரும்பிப் படுத்துக்கொள்ளும்; அந்தக் குழிக்குள் குழந்தைகள் எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

எதையும் அகற்றுவதற்குமுன் நான்கு பக்கமிருந்தும் படம் எடுங்கள். கூரை, சுவர், சேதமான பொருட்கள் எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்து, கிராம சேவகரிடம் அன்றைக்கோ மறுநாளோ பதிவு செய்து, அந்த முறைப்பாட்டின் பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். முன்பு தோட்டத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ கொடுத்த கடிதத்தின் முத்திரையிட்ட பிரதி இருந்தால், அதையும் இதனோடு சேர்த்து இணையுங்கள்.